முழுப்பெயர் என்ற கட்டம்

கண்டி நகரில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த பயிற்சி நிலையத்தில் சில ஆண்டுகள் கணினி கற்பித்தேன். மொத்தம் பன்னிரண்டு கணினிகள். எல்லாமே எங்கெங்கோ அலுவலகங்களில் பாவித்துக் கழித்தவை. புதிய மென்பொருளைத் தாங்கும் வலு அவற்றுக்கு இல்லாததால் லினக்ஸ் போட்டிருந்தோம். படிப்பிப்பதும் நான்தான், பழுதானால் திறந்து பார்ப்பதும் நான்தான்.

புதிய பிரிவு தொடங்கும்போது, விண்ணப்பப் படிவத்தில் உள்ளபடி ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்குத் திறப்பேன். தற்காலிகமாக ஒரு கடவுச்சொல்லைத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுப்பேன். அதை மாற்றுவதுதான் முதல் நாள் பாடம். அதற்கென்றே ஒரு சின்ன உதவி நிரல் இருந்தது. கணக்கு விவரங்கள் இருக்கும் கோப்பில் சாதாரணப் பயனர் கைவைக்க முடியாது, நிர்வாகிக்கு மட்டுமே அந்த அதிகாரம். இந்த நிரலுக்கு அந்த அதிகாரம் இரவலாகக் கொடுக்கப்பட்டிருந்தது. யாராவது அழைத்தால் ஒரு சிறு சாளரத்தைத் திறந்து கடவுச்சொல்லைக் கேட்கும். வந்திருப்பவர் கணக்குக்கு உரியவர்தான் என்று தெரிந்ததும், அவர் கேட்ட அந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்துகொடுத்துவிட்டுப் போய்விடும். கடவுச்சொல், தொலைபேசி எண், பெயர் எதையும் மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. அதனாலேயே எனக்கு அதைப் பிடிக்கும்.

ஆனால் அது ஆங்கிலத்தில் பேசியது. என் மாணவர்களில் பலர் வாசிக்காமலே சம்மதம் என்ற பொத்தானை அமுக்கினார்கள். புதிய கடவுச்சொல்லை இரண்டாம் முறையும் கேட்டபோது, ஏதோ பிழை செய்துவிட்டோம் என்று பயந்து ஒரு பெண் கணினியின் மின்சாரத்தையே நிறுத்திவிட்டார். அன்றுதான் அதன் வாசகங்களைத் தமிழாக்குவது என்று முடிவெடுத்தேன். எண்ணிப் பார்த்தால் நூறு வரிகூட இல்லை. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அலுவலகத்தில் பதிவு வேலைகளைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து, கலியாணம் முடித்து, கண்டியிலேயே தங்கிவிட்டவர். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் என்னை ‘நீர்’ என்பார், நான் ‘நீங்க’ என்பேன். மத்தியானச் சாப்பாட்டை ஒரே மேசையில்தான் சாப்பிடுவோம். என் தமிழை அவரிடம் காட்டிச் சரிபார்க்கலாம் என்று முதல் பத்து வரிகளை அச்செடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டார். ‘உங்கள் அடையாளத்தை நிரூபிக்கவும்’ என்று நான் எழுதியிருந்தேன்.

“இதை வாசிக்கேக்க பஸ்ஸாலை இறங்கி வரிசையிலை நிக்கிற மாதிரிக் கிடக்கு” என்றார்.

“ஆங்கிலத்துல அப்படித்தாங்க இருக்கு.”

“இருக்கட்டும். கம்பசுக்கு வந்த காலத்திலை செக்பொயின்டுகளிலை எத்தினை தரம் அடையாள அட்டையைக் காட்டியிருப்பன் தெரியுமே? கார்ட்டைக் குடுத்தாப் பிறகும் முகத்தைப் பாப்பாங்கள். கார்ட்டிலை இருக்கிறது நான்தான் எண்டு நான் நிரூபிக்கோணும். உம்மடை பெட்டியும் அதையே கேக்குது.”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னையும் சோதனைச் சாவடிகளில் நிறுத்தியிருக்கிறார்கள். இருந்தும் அந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எங்கோ ஒரு சொற்பட்டியலில் இருந்ததை எடுத்துப் போட்டிருந்தேன். அன்றைக்கே அந்த வரியை அடித்துவிட்டு, மூன்று நாள் பேசிப் பேசிக் கடைசியில் இப்படி ஆக்கினோம்: ‘இது நீங்கள்தானா என்று பார்க்க, உங்கள் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யுங்கள்.’ கொஞ்சம் நீளம்தான். ஆனால் கேட்பவர் மேசைக்கு அந்தப் பக்கம் சிப்பாய்போல் துவக்கோடு நிற்கவில்லை.

வேலை ஒரு வாரத்தில் முடியவில்லை, இரண்டு மாதம் போனது. ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற வரியை மென்மையாக்க மட்டும் நான்கு நாள் எடுத்தது. ‘முழுப்பெயர்’ என்ற சொல்லுக்கு ஒரு நிமிடம்கூடச் செலவிடவில்லை. அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தோம்.

அடுத்த பிரிவில் தெல்தெனியவிலிருந்து ஒரு முஸ்லிம் பெண் வந்தார். முப்பது வயதைத் தாண்டியவர், இரண்டு பிள்ளைகளின் தாய். ஊரில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் வரவேற்பாளர் வேலை காலியாகப் போகிறது என்று கேள்விப்பட்டு, அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டுமென்றுதான் சேர்ந்திருந்தார். முதல் நாள் எல்லோரும் கடவுச்சொல்லை மாற்றி முடித்த பிறகும் அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விவரங்களை மாற்றும் சாளரத்தைத் திறந்து வைத்திருந்தார்.

“மிஸ், முழுப்பெயர் எண்டு ஈக்கிதே. இத நானே மாத்த ஏலுமா?”

“ஏலும். மாத்திட்டு ஒங்க கடவுச்சொல்லக் குடுங்க, அவ்வளவுதான்.”

“வேற ஒத்தர்ட கையெழுத்தும் வாணாமா?”

“வேணாம்.”

அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயரின் நடுவில் ஒரு ‘ஹ’ இருக்கிறது. பிறப்பைப் பதிந்தவர் அதை விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில், அடையாள அட்டையில், கலியாணப் பதிவில், பிள்ளைகளின் பத்திரங்களில் எல்லாம் அந்தப் பிழையே தொடர்ந்து வந்தது. அந்த எழுத்து இருந்தால் பெயருக்கு ஓர் அழகான அர்த்தம் உண்டு. இல்லாவிட்டால் அது வெறும் சத்தம். “ஊட்டுல கூப்புடுறது ஒண்டு, கந்தோர்க் கடதாசில ஈக்கிறது ஒண்டு” என்றார். பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். சாளரம் மூடியதும் கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி உள்ளே நுழைந்தார். திரையில் அவருடைய பெயர் முழுதாக இருந்தது. கைபேசியை எடுத்து அதைப் படம் பிடித்துக்கொண்டார். உம்மாவுக்கு அனுப்பவாம்.

எனக்குப் பெருமையாக இருந்தது. நாங்கள் போட்ட தமிழை ஒருவர் வாசித்து, புரிந்து, பயன்படுத்தியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வேறெதையும் நினைக்கவில்லை.

ஆறு மாதம் முடிந்து சான்றிதழ்கள் அச்சிடும் நாள் வந்தது. பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு, கணக்குகளில் இருந்து முழுப்பெயரைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி முன்பே ஒரு சிறு நிரல் எழுதி வைத்திருந்தேன். அது தன் வேலையைச் செய்தது. நிலையப் பொறுப்பாளர் கையெழுத்திட்டார், எல்லோரும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இரண்டு வாரத்தில் அந்தப் பெண் திரும்பி வந்தார். மருத்துவ நிலையத்தில் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பெயர் வேறு. “பொருந்துற மாதிரி ஒண்டு கொண்டுவாங்க, அதுக்குப் பொறகு பாப்பம்” என்று அனுப்பிவிட்டார்களாம்.

பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். அவர் சிங்களவர், அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். படிவத்தையும் சான்றிதழையும் முன்னால் வைத்து, இது எப்படி மாறியது என்று சிங்களத்தில் கேட்டார்.

“அவங்களே மாத்தியிருக்காங்க சேர்” என்று நானும் சிங்களத்தில் சொன்னேன்.

அவர் பெருமூச்சு விட்டார். அடையாள அட்டையில் உள்ளதை மாற்ற எங்களுக்கோ அந்தப் பெண்ணுக்கோ உரிமை இல்லை, அந்த வசதியை உடனே மூடிவிடுங்கள், அட்டையில் உள்ள பெயரில் வேறொரு சான்றிதழ் அடித்துக்கொடுத்துப் பழையதைத் திருப்பி வாங்குங்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்று பின்னேரமே அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினேன். பெயரை மாற்றப் போனால் ‘இதற்கு உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று எங்கள் தமிழிலேயே பதில் வந்தது. நான்கு நாள் யோசித்து எழுதிய வரி அது.

பக்கத்து அறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்த யாழ்ப்பாணத்துத் தோழி, நான் மேசைக்கு வந்ததும் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

“நீர் சொன்னது பொய்யில்லை. ஆனா அரைவாசிதான்.”

அந்த இரவல் அதிகாரம் என் கையால் வந்தது. மாற்றலாம் என்று சொன்னதும் நான். சான்றிதழுக்குப் பெயரை அங்கிருந்து எடுத்த சோம்பல் நிரலும் என்னுடையது. அந்தப் பெண் செய்தது, கேட்டுவிட்டுத் தன் பெயரைச் சரியாக எழுதியது மட்டும்தான். பஸ்ஸில் வீடு போகும்வரை அதையே நினைத்துக்கொண்டு போனேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை பொறுப்பாளரிடம் போய் மிச்சத்தையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். “அப்போ பிழை ஒங்களோடது” என்றார். ஆமாம் என்றேன். “சரி. ஆனா ஒரு ஆளுக்கு ரெண்டு சான்றிதழ் குடுக்க ஏலாது. எது வேணும்னு அவங்களையே கேளுங்க.”

அந்தப் பெண் வந்ததும் புதிய சான்றிதழை நீட்டி, இதுவா பழையதா, எது வேண்டும் என்று கேட்டேன். நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். என் பேச்சை அவர் அவ்வளவு பொருட்படுத்தவில்லை. கடதாசியை வாங்கி, ‘ஹ’ இல்லாத தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேசையில் திருப்பி வைத்தார்.

“இது வாணாம் மிஸ். பழசே ஈக்கட்டும். நான் கார்ட்ட மாத்துறேன்.”

“அதுக்குக் காலமெடுக்கும். அந்த வேல போயிடும்” என்றேன்.

“போகட்டும் மிஸ். இவ்வளவு நாளும் மாத்த ஏலாதெண்டே நெனச்சிட்டு ஈந்தேன். ஆறு மாசமா ஒவ்வொரு நாளும் சரியான பேரப் பாத்துட்டேனே. இனி மத்தப் பேருல கையெழுத்து வெக்க மனசு வராது.”

வேலை போய்த்தான் விட்டது. வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். அடையாள அட்டையை மாற்ற முதலில் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைத் திருத்த வேண்டும். அதற்குப் பள்ளிக்கூடப் பதிவு, உம்மாவின் சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தரின் கடிதம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார்கள். பள்ளிக்கூடப் பதிவிலும் பிழையான பெயரே இருந்ததால், அவர் சிறுவயதில் ஓதிய குர்ஆன் மத்ரஸாவின் பழைய பெயர்ப் பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுத்தார்கள். அதில் அந்த எழுத்து இருந்தது. கடிதங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தவர் என் தோழி. தனக்கு லீவு இருந்த நாளில் ஒருமுறை பிரதேச செயலகத்துக்குக் கூடவே போனார். நான் போகவில்லை. எனக்கு வகுப்பு இருந்தது என்பதும் உண்மை, வரிசையில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நிற்கக் கூச்சமாக இருந்தது என்பதும் உண்மை.

என்னால் முடிந்ததை நான் கணினியில் செய்தேன். சான்றிதழுக்கான பெயரை விண்ணப்பப் படிவத்திலிருந்து எடுக்கும்படி என் நிரலைத் திருத்தினேன். பிறகு பொறுப்பாளரிடம் போய், இனிக் கணக்கில் என்ன பெயர் போட்டாலும் வெளியே போகாது, பூட்டைத் திறக்கட்டுமா என்று கேட்டேன். “இங்க உள்ளுக்கு அவங்க விரும்புன பேரோட இருக்கட்டும்” என்றார்.

ஏறத்தாழ ஒரு வருடம் கழிந்து, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தப் பெண் படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. கைப்பையிலிருந்து புதிய அட்டையை எடுத்து, முதலில் என் தோழியிடம்தான் கொடுத்தார். தோழி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “படத்திலை முறைச்சுக்கொண்டு நிக்கிறீர்” என்றார். மூவரும் சிரித்தோம்.

பிலிமத்தலாவையில் பித்தளைச் சாமான் விற்கும் ஒரு கடையின் அலுவலகத்தில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், ஆனாலும் பரவாயில்லை என்றார். அங்கேயும் சான்றிதழையும் அட்டையையும் ஒன்றாகத்தான் பார்த்தார்களாம். ஒன்றும் கேட்கவில்லையாம்.

பால் கலக்காத பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கும்போது வகுப்பறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“மிஸ், என்ட கணக்கு இன்னம் ஈக்குதா?”

பிரிவு முடிந்ததும் எல்லாக் கணக்குகளையும் அழித்துவிடுவது வழக்கம். அதைச் சொன்னேன்.

“அப்ப சரி. இப்ப கார்ட்டுலயே ஈக்குதே” என்றார். கோப்பையை வைத்துவிட்டு, தெல்தெனிய பஸ் போய்விடும் என்று சால்வையைச் சரிசெய்துகொண்டே படியிறங்கினார். நாங்கள் இருவரும் யன்னலருகே போய்ப் பார்த்தோம். கீழே மழை பிடித்திருந்தது. அவர் அட்டையும் சான்றிதழும் இருந்த கைப்பையைத் தலைக்குப் பிடிக்காமல், சால்வைக்குள் வைத்து மூடிக்கொண்டு, நனைந்தபடி பஸ் நிலையத்தை நோக்கி வேகமாக நடந்தார்.