காலைக்குத் தேவைப்பட்ட தும்மல்

தூசு ஒத்துக்கொள்ளாத மூக்கு எனக்கு. விடிந்ததும் தும்மல் தொடங்கிவிடும். என் கணவர் சைக்கிளில் மீன் விற்பவர். கரைவலைக்காரரிடம் மீன் எடுக்கக் காலையில் கடற்கரைக்குப் போவார். எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிக்கிடும்போது யாராவது தும்மிவிட்டால், திரும்பி வந்து சற்று உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும். "இந்த மூக்கை எங்கயாவது கழட்டி வெச்சிரு புள்ள" என்று எரிந்து விழுவார்.

சுனாமி வந்த காலையிலும் தும்மினேன். முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தார். தண்ணீர்ச் செம்பை அவர் இன்னும் கீழேகூட வைக்கவில்லை, கடற்கரைப் பக்கமிருந்து சனம் அலறிக்கொண்டு ஓடிவந்தது. நாங்களும் ஓடினோம். அவருக்கு மீன் கொடுக்கும் வலைக்காரரில் பலர் திரும்பவில்லை.

அதன் பிறகு என் தும்மலுக்கு வீட்டில் கிடைத்த மரியாதையைச் சொல்லி முடியாது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அதற்காகவே வாசலில் காத்து நிற்பார். சுனாமி போனாலும் நாட்டில் சண்டை போகவில்லை. வீதியில் போனவர்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம். தும்மல் கேட்டு, உட்கார்ந்து எழும்பிப் போனால் மாலையில் திரும்பி வந்துவிடலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. பைத்தியக்காரத்தனம் என்று திட்டினேன். ஆனால் எனக்கும் பயம்தான்.

மூக்கோ தோல் உரிந்து எரிந்தது. ஓட்டமாவடி மருந்துக்கடைக்காரர் இரண்டு வகைக் குளிசைகளை எடுத்து வைத்தார்.

"இது பழையது தங்கச்சி. நித்திரை வரும், நாலைஞ்சு மணித்தியாலந்தான் கேக்கும். மத்தது ஒண்டு போட்டா ஒரு நாள் முழுக்கத் தும்மல் வராது, நித்திரையும் பெரிசா வராது. இதக் கொண்டு போங்க."

"அப்ப விடியவும் தும்மல் வராதா?"

"வராது."

"பழையதையே தாங்க" என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

கணவர் வெளிக்கிட்டுப் போன பிறகு அதைப் போட்டுக்கொண்டு, தூங்கி விழுந்து, சோற்றை அடிப்பிடிக்கவிட்டு வருடக்கணக்கில் காலம் தள்ளினேன்.

சண்டை முடிந்தது என்று வானொலி சொன்ன பிறகுதான் மற்றக் குளிசையை வாங்கி, அவரிடமும் காட்டிவிட்டுப் போட்டேன். மறுநாள் காலை தும்மல் வரவில்லை. அவர் வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, போயித்து வாறன்" என்று சைக்கிளைத் தள்ளினார். அவர் வேலியைத் தாண்டும் வரைதான் என்னால் பொறுக்க முடிந்தது. ஊருக்கே கேட்கும்படி பொய்யாக ஒரு தும்மல் தும்மினேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். தண்ணீரைக் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, "மருந்து சரியில்ல போல புள்ள" என்றார்.