கிடைத்த நாளிலிருந்து முப்பது நாள்

எழுத்தில் வரும் எந்த மனுவுக்கும், அது கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள், எழுத்திலேயே பதில் தர வேண்டும். எங்கள் வட்டார மாநகராட்சி அலுவலக வாசலில் நீலப் பலகையில் மராத்தியில் இப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். பலகைக்குக் கீழே எப்போதும் இரண்டு ஸ்கூட்டர்கள் நிற்பதால் கடைசி வரியைப் படிக்க ஆள் குனிய வேண்டும். நான் குனிந்து படித்தவன். பூனாவின் கிர்க்கியில் ஒரு ராணுவக் கிடங்கின் நிர்வாகப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, அதே பிரிவின் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவனுக்கு எந்த விதியிலும் கடைசி வரிதான் முக்கியம் என்று தெரியும். ‘கிடைத்த நாளிலிருந்து’ என்ற இரண்டு சொற்களை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

இன்று காலை பால் வாங்கித் திரும்பும்போது விஷ்ராந்த்வாடி பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண்மணி நடைபாதை விளிம்பில் நாளிதழை விரித்து உட்கார்ந்திருந்தார். முதல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஈரத்தில் தாள் ஊறி, அச்சு மையின் வாடை கிளம்பி என் மூக்குவரை வந்தது. நான் பால் பாக்கெட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன். அந்தப் பெண்மணி சந்தேகமாகப் பார்த்த பிறகுதான் நகர்ந்தேன். அறுபத்தெட்டு வயதில் ஒருவன் தெருவில் நின்று மூக்கை உறிஞ்சினால் யாரும் நல்லவிதமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

என் மனைவி கோமதி இதே இடத்தில் இப்படித்தான் நாளிதழ் விரித்து உட்காருவாள். முந்தின நாள் தாளாக இருக்க வேண்டும் என்பது அவள் ஏற்படுத்திக்கொண்ட விதி. "படிச்சு முடிச்ச செய்தி மேல உக்காந்தா தப்பில்ல. படிக்காததுமேல உக்காந்தாதான் பாவம்" என்பாள். முழங்கால் தேய்ந்திருந்ததால் உட்காருவதைவிட எழுந்திருப்பது பெரிய காரியம். பேருந்து வந்து நின்றதும் பக்கத்தில் நிற்கும் யாராவது கை கொடுத்துத் தூக்கிவிடுவார்கள். நிறுத்தத்தில் கூரை இருந்தது, அதில் விளம்பரம் இருந்தது, விளம்பரத்துக்கு விளக்கும் இருந்தது. உட்கார ஒரு பெஞ்சு மட்டும் இல்லை.

அவள் எங்கே போனாள் என்று சொல்லவில்லையே. கல்லூரிக்கு. திருநெல்வேலியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவளை நான் கல்யாணம் செய்து பூனாவுக்குக் கூட்டி வந்தேன். மிச்சத்தை இங்கே படிக்கலாம் என்று என் தகப்பனார் அவள் தகப்பனாரிடம் வாய்மொழியாக உறுதி சொல்லியிருந்தார். வாய்மொழி உறுதிக்கு என்ன மதிப்பு என்று எனக்கு அப்போதே தெரியும். மகள் பிறந்து, வளர்ந்து, ஹடப்சரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலைக்குப் போய், எனக்கு ஓய்வும் கிடைத்த பிறகு, அறுபத்தொன்றாம் வயதில் அஞ்சல்வழிப் பட்டப்படிப்பில் முதலாம் ஆண்டிலிருந்து சேர்ந்தாள். பாடம் அரசியல் அறிவியல். ஞாயிறு தோறும் நேர்வகுப்பு. பேத்தி வயதுப் பெண்கள், "காகூ, இக்டே பஸா" என்று இடம் கொடுப்பார்களாம். சித்தி, இங்கே உட்காருங்கள் என்று அர்த்தம். "வகுப்புல பத்து பேரு உக்காரச் சொல்லுதாங்க. பஸ் ஸ்டாப்புலதான் சொல்ல ஆளில்ல" என்று வந்து சிரிப்பாள்.

அந்த வகுப்பில் ஒரு நோட்டு போடச் சொன்னார்கள். தினம் ஒரு பக்கம். மூன்று தலைப்பு: நடந்தது என்ன, நான் நினைப்பது என்ன, நான் செய்யக்கூடியது என்ன. அவள் தமிழில் எழுதுவாள், ஞாயிற்றுக்கிழமைக்குள் மகள் போனில் கேட்டு ஆங்கிலத்தில் அடித்துக் கொடுப்பாள். தமிழ் நோட்டு என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம்: ‘எங்கள் குடியிருப்புக் குப்பையைத் தரம் பிரிக்கும் பெண்களுக்குக் கையுறை கொடுத்ததாகச் செய்தி. எங்கள் வாசலுக்கு வருபவள் வெறுங்கையோடு வருகிறாள். கொடுத்தது உண்மையாக இருக்கலாம். கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை.’ இன்னொரு பக்கம்: ‘தேர்வுத்தாள் முன்னாலேயே வெளியாகிவிட்டதாம். மறுதேர்வு உண்டாம். ஒழுங்காகப் படித்த பிள்ளை இன்னொரு தடவை படிக்க வேண்டும். இது யாருக்குத் தண்டனை?’ தண்ணீர் வெட்டு வந்த வாரத்தில்: ‘எங்களுக்கு லாரி காலையில் வந்தது. பின்பக்கக் குடிசைகளுக்கு மறுநாள். ஒரே அணைத் தண்ணீர்தான். தாகத்துக்குமா முகவரி பார்ப்பார்கள்?’

நான் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்துவிட்டு, "உணர்ச்சி இருக்கு. ஆதாரம் இல்ல" என்று கருத்துச் சொல்வேன். "நீங்க மார்க் போட வேண்டாம், அதுக்கு ஆள் இருக்காக" என்று நோட்டைப் பிடுங்கிக்கொள்வாள்.

மூன்றாவது தலைப்புக்குக் கீழே மட்டும் மாதக்கணக்காக ஒரே பதில்: ‘தெரியவில்லை.’ பிறகு, சென்ற ஆண்டு பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு பக்கத்தில், ‘நிறுத்தத்தில் பெஞ்சு கேட்டு மனு எழுதலாம்’ என்று இருக்கிறது. கொஞ்சம் தடித்த எழுத்து. பேனாவை அழுத்தியிருக்கிறாள்.

என் வீட்டு நிர்வாகத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் முன்னறை மேசையில் மூன்று தட்டுகள் உண்டு. வந்தவை, நிலுவை, முடிந்தவை. மின்சார வாரியக் கடிதமானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் மூலையில் கிடைத்த தேதியையும் என் சுருக்கொப்பத்தையும் போட்டுத்தான் தட்டில் வைப்பேன். இந்தப் புத்தி பழையது. தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தவள் எனக்கு எட்டுப் பக்கம் எழுதினாள். ‘கடிதம் கிடைத்தது, விவரங்கள் கவனத்தில் கொள்ளப்பட்டன’ என்று தொடங்கித்தான் பதில் போட்டேன். அதை அவள் பத்திரமாக வைத்திருந்து விருந்தாளிகளுக்குப் படித்துக் காட்டுவாள். ஒருநாள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே, "என்னைய எந்தத் தட்டுல வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். நான் நாளிதழிலிருந்து தலையைத் தூக்காமல், "உன்னைத் தட்டுல வைக்க முடியாது, பார்சல் பிரிவுக்கு அனுப்பணும்" என்றேன். அவள் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். நான் பார்க்கவில்லை.

மனு ஒரே ஒரு பக்கம். ஆங்கிலத்தில், அவள் கையெழுத்தில், கோணாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல். ‘மதிப்பிற்குரிய ஐயா, இந்த நிறுத்தத்தில் என் வயதில் தினம் பலர் காத்திருக்கிறோம். மூன்று பேர் உட்காரும்படி ஒரு பெஞ்சு போதும். நாங்கள் மாறி மாறி உட்கார்ந்துகொள்வோம்.’

"பொருள் எங்கே? பார்வை எங்கே? இணைப்பு எங்கே?" என்றேன்.

"ஒரு பெஞ்சுதானே கேக்கேன். அதுக்கு எதுக்குங்க இத்தனை?"

"இடத்தைக் காட்டி ஒரு வரைபடம் வைக்கணும். கம்பத்துலேருந்து எத்தனை அடி, சாக்கடைலேருந்து எத்தனை அடி. இல்லேன்னா ‘இடம் தெளிவாக இல்லை’ன்னு திருப்பிடுவான்."

அப்போது போனில் இருந்த மகள், "அப்பா, ஆப்ல ஒரு போட்டோ போட்டா ஹோ கயா, முடிஞ்சது. பேப்பர் எதுக்கு?" என்றாள்.

"எழுத்துல கொடுத்தாத்தான் எழுத்துல பதில்" என்றேன் நான், பலகையைக் குனிந்து படித்தவன்.

கோமதி மனுவை என் கையில் கொடுத்தாள். "சரி, நீங்களே சரி பண்ணி அனுப்பிருங்க. முறைன்னு ஒண்ணு இருக்கும்லா." அதில் கேலி இல்லை. என்னை நம்பித்தான் சொன்னாள்.

பிப்ரவரியில் எனக்குக் கண்புரை அறுவை நடந்தது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே, "மனு போயாச்சுல்லா?" என்று கேட்டாள். "அதெல்லாம் போயாச்சு" என்றேன். மார்ச்சில், "பதில் வரலையே, ஞாபகப்படுத்தி ஒண்ணு எழுதட்டுமா?" என்றாள். விதி முப்பது நாள் என்கிறது, ஆனால் அவர்கள் எந்த விதியை மதித்தார்கள் என்று அரைமணி நேரம் பேசினேன். இந்த ஊரின் குழிகள், சாக்கடைகள், வெட்டி மூடி மறுபடி வெட்டும் சாலைகள் எல்லாவற்றையும் சாட்சிக்கு அழைத்தேன். நன்றாகப் பேசினேன். அவள் கேட்டுவிட்டு, "பாவம், அவுகளுக்கு எத்தனை வேலையோ" என்றாள்.

ஜூனில் இரண்டாம் ஆண்டுத் தேர்வு எழுதினாள். ஆகஸ்டில் ஒரு பிற்பகல், துணி மடித்துக்கொண்டிருந்தவள், "கொஞ்சம் படுக்கேன்" என்று போனாள். இதயம். பெஞ்சு இல்லாததால் யாரும் சாவதில்லை. அப்படி ஒரு பொய்யை இங்கே எழுதி அழ வைக்க நான் விரும்பவில்லை. ஆனால் கிட்டத்தட்ட இரண்டு வருடம் அவள் அங்கே மண்ணில் உட்கார்ந்தாள், கை கொடுத்துத் தூக்கிவிடப்பட்டாள். அது கோப்பில் இருக்க வேண்டிய செய்தி.

அக்டோபரில், படிப்பு மையத்துக்குத் திருப்பித் தர அவளுடைய அடையாள அட்டையைத் தேடினேன். அலமாரியில் இல்லை, கைப்பையில் இல்லை. கடைசியாக நிலுவைத் தட்டைக் கவிழ்த்தேன். அடியில், கண் மருத்துவமனை உறைக்குக் கீழே, அந்த மனு இருந்தது. மூலையில் கிடைத்த தேதியும் என் சுருக்கொப்பமும். ஓரத்தில் பென்சிலால் என் குறிப்பு: ‘வரைபடம் தேவை.’

மறந்துவிட்டேன் என்று எழுதுவது வசதி. அலுவலகத்தில் எனக்குக் கீழே இருந்தவர்கள் அப்படி எழுதியபோது நான் ஏற்றுக்கொண்டதில்லை. அளக்கும் நாடாவை எடுத்துக்கொண்டு ஒருநாள் போக வேண்டும் என்று நினைத்தேன், போகவில்லை. அவள் கேட்டபோது தட்டைப் பார்க்காமல் பதில் சொன்னேன்.

அன்று உட்கார்ந்து அவள் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்னதாக ‘பதில் இல்லை’ என்று இருக்கிறது. சண்டை, தேர்தல், விலைவாசி, வெள்ளம், எந்தச் செய்தியானாலும் அதற்குக் கீழே அது. மே மாதத்தில் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் நீளம்: ‘பதில் இல்லை. இவர் கோபப்படுகிறார். எனக்குக் கோபம் வரவில்லை. எங்கோ ஒரு மேசையில் ஒரு மனிதர் எனக்கு முன்னால் வந்தவர்களின் தாள்களை வரிசையாகப் படித்துக்கொண்டிருப்பார். என்னுடையது அவற்றுக்கு அடியில் இருக்கும். முறை வரும்.’

மேசை எங்கள் முன்னறையில் இருந்தது. மனிதர் நான்.

அக்டோபர் பத்தாம் தேதி மனுவை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். பொருள், பார்வை, இணைப்பு எதையும் சேர்க்கவில்லை. பென்சில் குறிப்பை மட்டும் அழித்தேன். மனுதாரர் இறந்துவிட்டார் என்று தெரிவிப்பதுதான் முறை. தெரிவித்தால் கோப்பை அங்கேயே மூடிவிடுவார்கள் என்று தெரியும், ஆகவே தெரிவிக்கவில்லை. என் வாழ்நாளில் ஓர் அலுவலகத்தில் நான் மறைத்த முதல் தகவல் அது.

தபால் வாங்கும் மேசையில் இருந்த இளம்பெண் தேதியைப் பார்த்தாள். "ஆஜோபா, இது ஜனவரி போட்டிருக்கே. இத்தனை நாள் எங்கே இருந்தது?" என்று, தாத்தா என்பதை மட்டும் மராத்தியிலும் மற்றதை இந்தியிலுமாகக் கேட்டாள்.

"ப்ராசஸ் மே தா" என்றேன். நடவடிக்கையில் இருந்தது. அவளுக்கு அது நியாயமான பதிலாகப் பட்டது. முத்திரை குத்தி நகலைக் கொடுத்தாள்.

பதில் வந்தது. மராத்தியில், உறையின் மேல் திருமதி கோமதி என்று பெயர் போட்டு. தங்கள் மனு அக்டோபர் பத்தாம் தேதி கிடைத்தது. இந்த வட்டாரத்தில் மார்ச் மாத இறுதிவரை பெஞ்சு கேட்டு மனு வந்த எல்லா நிறுத்தங்களிலும் கோடையிலேயே பெஞ்சு போடப்பட்டுவிட்டது. தாங்கள் குறிப்பிடும் நிறுத்தத்துக்கு அதுவரை எவரும் கேட்டிருக்கவில்லை. தங்கள் மனு அடுத்த பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. ஏற்பட்ட தாமதத்துக்கு வருந்துகிறோம்.

நான் நடந்து போய்ப் பார்த்தேன். ஆளந்தி சாலையில் எங்களுக்கு முந்தின நிறுத்தத்தில் பெஞ்சு இருந்தது. அதற்கு முந்தினதிலும் இருந்தது. மூன்று பேர் உட்காரலாம்.

இன்றுவரை எங்கள் நிறுத்தத்துக்குப் பட்டியல் வந்து சேரவில்லை. வீட்டில் தட்டுகளை எடுத்துவிட்டேன், கடிதங்கள் மேசையில் கிடந்தபடி கிடக்கின்றன. நோட்டில் அறுபது பக்கம் வெள்ளையாக இருக்கிறது. செய்தியைப் படித்து முடித்துவிட்டு, சரி, நாம் என்ன செய்யலாம் என்று கேட்க வீட்டில் ஆளில்லை. அந்தப் பதிலைத் தவிர வேறெந்தத் தாளின் மூலையிலும் பிறகு நான் தேதி போட்டதில்லை. அதில் மட்டும் கை தானாகப் போட்டுவிட்டது. பதினெட்டே நாள், விதிக்கு உள்ளே. கிடைத்த தேதி: அக்டோபர் 28.