பிளக் எரித்த பாய்

உலக யுத்தம் முடிந்த சமயம் நான் தேனாம்பேட்டையில் ஒரு மோட்டார் ஷெட்டில் மேஸ்திரியாக இருந்தேன். பெட்ரோல் எஞ்சின் என்றால் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகம். கோபம் அதைவிட அதிகம்.

தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த தெற்கத்தி முதலாளி ஒருவர், துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிவர ஒரு பழைய டீசல் லாரி வாங்கியிருந்தார். அதை ஓட்டியவர் மயிலாப்பூர்ப் பள்ளிவாசலுக்குப் பின்னால் குடியிருந்த ஒரு பாய். ஐம்பதை நெருங்கியவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். மார்கழி மாதம் ஒரு காலையில் லாரி கிளம்பவில்லை என்று நாலு பேர் அதைத் தள்ளிக்கொண்டே எங்கள் ஷெட்டுக்கு வந்தார்கள்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. ஆறிக் கிடக்கும் எஞ்சினை எழுப்ப, ஹீட்டர் பிளக் என்று நாலு பிளக் உள்ளே சூடேற வேண்டும். சூடேறினால் டிரைவருக்கு முன்னால் ஒரு சுருள் கம்பி சிவந்து காட்டும். அன்று அது சிவக்கவில்லை.

பெட்ரோல் வண்டியில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு பிளக்கின் வயராகப் பிடுங்கிப் பார்ப்போம். எதைப் பிடுங்கினால் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லையோ அதுதான் செத்த பிளக். இங்கேயும் அப்படியே செய்தேன். முதல் வயரைப் பிடுங்கினேன்; சுருளில் மாற்றமில்லை. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, எதிலுமே மாற்றமில்லை. ஆக நாலும் செத்துவிட்டன என்று முடிவு கட்டினேன். நாலும் ஒரே நாளில் சாகுமானால், டிரைவர் ஸ்விட்சை அளவுக்கு மீறிப் பிடித்து எரித்திருக்க வேண்டும்.

"பாய், ஸ்விட்ச எம்மா நேரம் புடிச்சிக்கினு இருந்தீங்க?"

"எப்பவும் புடிக்கிற நேரந்தான் மேஸ்திரி. ஆனா அந்தத் தகடு..."

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "வண்டி ஓட்றது உங்க வேல. இத்த நான் பாத்துக்கறேன்."

முதலாளி வந்தார். "வண்டி மேல தப்பா, ஆளு மேல தப்பா? வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாச் சொல்லும்வே" என்றார்.

"பாய்தான் எரிச்சிட்டாரு" என்றேன்.

முதலாளி அங்கேயே அவரை வேலையை விட்டு நிறுத்தினார். பாய் லாரியிலிருந்து தன் துண்டையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் பக்கம் நடந்தார். அன்று மாலை லாரி ஸ்டாண்டு டீக்கடையில் இந்தக் கதையை நானே சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். 'பிளக் எரிச்ச பாய்' என்று பெயர் வைத்ததும் நான்தான்.

புது பிளக்குகள் வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. நாலையும் மாட்டி ஸ்விட்சைப் பிடித்தேன். சுருள் சிவக்கவில்லை. பிறகுதான் பல்பும் வயரும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன். அந்த நாலு பிளக்கும் பூச்சரம் மாதிரி ஒன்றோடொன்று தொடுத்தவை. ஓரிடத்தில் அறுந்தால் நாலுக்கும் மின்சாரம் கிடையாது. அதற்கப்புறம் எதைப் பிடுங்கினால் என்ன மாற்றம் தெரியும்? இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருந்த இணைப்புத் தகடு, மேலே சுற்றியிருந்த துணிக்குள்ளேயே விண்டு போயிருந்தது. அங்கே ஒரு செம்புக் கம்பியை முறுக்கினேன். சுருள் சிவந்தது.

பழைய பிளக்குகளை ஒவ்வொன்றாக பேட்டரியில் தொட்டுப் பார்த்தேன். நாலும் பளிச்சென்று சிவந்தன. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே என் வாயால் இன்னொருவர் கெட்டிருந்தார்.

முதலாளியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். "வேற ஆளு வெச்சாச்சுவே. அந்தப் பேச்ச விடும்" என்று துணியை அளக்கப் போய்விட்டார்.

பாய் வீட்டில்தான் இருந்தார். மூன்று வாரமாக ஒருவரும் அவருக்கு வண்டி கொடுக்கவில்லை. வாசலிலேயே நின்று, தப்பு என்னுடையது என்றேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுலயா?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"வண்டி நின்னு போறதுக்கு மொத நாளே கைய வெச்சிப் பாத்தேன். அந்தத் தகடு மட்டும் சுட்டுது. அத்தத்தான் சொல்ல வந்தேன்."

மன்னிக்கச் சொன்னேன்.

"என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம் மேஸ்திரி? ஸ்டாண்டுல போய்ச் சொல்லுங்க."

அன்று மாலையே போனேன். அதே டீக்கடையில் நின்று, என் மடத்தனத்தை ஒன்று விடாமல் சொன்னேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் ஒரு லாரிக்காரர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "யாரச் சொல்ற நைனா? பிளக் எரிச்ச பாயா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். வேறு எந்தப் பெயரைச் சொன்னாலும் அங்கே அவரை யாருக்கும் தெரிந்திருக்காது.