வரப்பில் ஒரு எனாமல் கடிகாரம்

குடவாசல் சாலையில் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. இறங்கி நடக்கிறேன். நடவு நடக்கும் வயலின் வரப்பில், கவிழ்த்த நெல் அளக்கும் மரக்காலின் மேல், ஒரு எனாமல் மேசைக் கடிகாரம் உட்கார்ந்திருக்கிறது. மயில்கழுத்து நீலம், அதில் பொன்கம்பி இழைத்த ரோஜாக் கொடி. இப்படி ஒன்றைத் தேடித்தான் இரண்டு நாளாகக் கூத்தாநல்லூரில், சிங்கப்பூர் போய் வந்தவர்களின் வீடு வீடாக ஏறி இறங்கினேன். இங்கே பண்ணையின் காரியக்காரர் தன் மொட்டைத் தலையை வெயிலுக்குக் கொடுத்துவிட்டு, குடையைக் கடிகாரத்துக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறார்!

குனிந்து தொடப் போகிறேன்.

“தொடாதீங்க சார்!” நாற்று முடியோடு சேற்றில் நிற்கும் ஒரு அம்மாள் கத்துகிறார்.

“வயலுக்கு எதுக்கும்மா கடிகாரம்?”

“பொழுது சாயலன்னு பண்ணையாரு சொல்லுவாரு, சாஞ்சிடுச்சுன்னு நாங்க சொல்லுவோம். போன வருசம் அடிதடியாயி போலீசு வரைக்கும் போச்சு. கடைசியில தாசில்தாரு முன்னாடி பேசி, பண்ணையாரு வூட்டுக் கடியாரம் சொல்றதுதான் நேரம்னு முடிவாச்சு.”

“ராத்திரி வீட்டுல வச்சு அவரு முள்ளைத் திருப்பிட்டா?”

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே இடுப்பு முடிச்சைத் தட்டிக் காட்டுகிறார். “முள்ளைத் திருப்பவும் சாவி வேணும். சாவி எங்கிட்டதானே இருக்கு!”

“இதை எனக்கு விப்பாரா?”

“விப்பாரு. நாந்தானே சாவி குடுக்கணும்?”

மணி நான்கு அடிக்கிறது. அத்தனை நயமான ஓசை. நின்று ரசிக்கத்தான் ஆள் இல்லை. கடைசி அடி விழுவதற்குள் பெண்கள் மொத்தமும் கரையேறிவிட்டார்கள். காரியக்காரர் கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அப்போதுதான் குடையைத் தன் தலைக்குப் பிடிக்கிறார்.