மற்றவர்களுக்குத் தெரிவிக்கவும்

எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் அவளை எல்லோரும் அகராதி என்றுதான் கூப்பிடுவோம், முகத்துக்கு நேராகவே. "பிடிவாதத்துக்கு வச்ச பேரா, படிப்புக்கு வச்ச பேரா?" என்று கேட்பாள். இரண்டுக்கும்தான் என்போம். இருபத்திரண்டு வருடமாக இயந்திரக் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மாற்றிக்கொண்டிருப்பவள். கணவர் இல்லை, ஒரே மகள். ஒரு சொல்லுக்காக வாரக்கணக்கில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பாள். எனக்கு அடுத்த மேஜை அவளுடையது. அவள் எழுதுவதைச் சரிபார்ப்பது என் வேலை.

ஆங்கிலத்தில் 'வார்ன்' என்று வந்தால் ஜெர்மனில் 'வார்னன்' என்று போட வேண்டும். எச்சரிப்பது. இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. ஆனால் சலவை இயந்திரம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் எச்சரிக்கை என்று இருந்தால் வாங்குகிறவன் பயந்து ஓடிவிடுவானாம். 'இன்ஃபொர்மீரன்' என்று போடச் சொன்னார்கள். அதாவது, தெரிவிப்பது. அகராதி இரண்டு நாள் மல்லுக்கு நின்றாள். மூன்றாம் நாள் மகளுக்கு விசா நேர்காணல். "என்னவோ பண்ணித் தொலைங்க" என்று மாற்றிக் கொடுத்துவிட்டு லீவில் போய்விட்டாள். எனக்குத் தெரிந்து அவள் விட்டுக்கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் கணினிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருமுறை ஒப்புதல் வாங்கிய வாக்கியத்தை அது மறக்காது. வேறு கையேட்டில் அதே ஆங்கில வாக்கியம் வந்தால் பழைய ஜெர்மன் வாக்கியத்தைத் தானே கொண்டுவந்து பச்சை நிறத்தில் வைத்துவிடும். பச்சையைப் படித்துக்கொண்டிருந்தால் மேலாளர் கத்துவார், ஏற்கெனவே பார்த்ததை என்ன பார்க்கிறாய் என்று. அதனால் நான் பார்க்கவில்லை. ஆறு வருடம் 'தெரிவிக்கவும்' என்ற அந்த வரி என் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

மகள் இப்போது ஜெர்மன் பேசும் ஓர் ஊரில், பெரிய சலவைக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். மருத்துவமனை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு இஸ்திரி போடும் இயந்திரம். அதற்குத் தன்னைப் பொறுப்பாளராக்கிவிட்டார்கள் என்று ஒரு மதியம் படம் அனுப்பினாள். வாயெல்லாம் பல்லாக நிற்கிறாள். அகராதி அவளைப் பார்க்கவே இல்லை. தோளுக்குப் பின்னால் இயந்திரத்தில் ஒட்டியிருந்த விதித்தாளைப் பெரிதாக்கிப் படித்தாள். நின்ற இயந்திரத்தை மீண்டும் ஓட்டும் முன் மற்றவர்களுக்குத் தெரிவிக்கவும் என்று அதில் ஜெர்மனில் இருந்தது.

"இது நான் எழுதினதுடி," என்றாள் என்னிடம். முகத்தில் ரத்தமே இல்லை.

உடனே மகளைக் கூப்பிட்டாள். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஓட்டறதுக்கு முன்னாடி மத்தவங்களுக்கு எப்படித் தெரிவிப்பீங்க?"

"போர்டு இருக்கும்மா. இத்தனை மணிக்கு ஓட்டப்போறோம்னு எழுதிட்டு சுவிட்சைப் போடுவோம். இங்க எல்லாமே தாள்ல இருக்கிறபடிதான்."

"பின்னாடி யாராவது உருளையைத் துடைச்சிட்டிருந்தா?"

"போர்டைப் பாத்துட்டுத்தான் துடைக்கணும். நீ ஏம்மா போலீஸ் மாதிரி கேக்கற?"

அகராதி நேராக மேலாளர் அறைக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். அவர் நாற்காலியை விட்டு எழக்கூட இல்லை. "கம்பெனி கேட்டாத்தான் திருத்த முடியும். இதுவரைக்கும் யாருக்காவது ஏதாவது ஆச்சா?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அறைந்திருக்க வேண்டும். அவள் அந்த இஸ்திரி இயந்திர நிறுவனத்துக்குத் தானே கடிதம் எழுதினாள். தகவலுக்கு நன்றி என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

"பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டேன், சொல்லிட்டேன்," என்றாள், இரண்டு தடவை. என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு அவளிடம் பழைய வாயைக் காணோம். யாருடைய போன் அடித்தாலும் விறைத்துப்போவாள். நான் மேலாளருக்குத் தெரியாமல் பச்சை வரிகளைப் படிக்க ஆரம்பித்தேன். மாவு பிசையும் இயந்திரத்தில் அந்த வரி இருந்தது. காகிதம் வெட்டும் இயந்திரத்தில் இருந்தது. பளுதூக்கியிலும் இருந்தது. இவற்றுக்கு முன்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று எங்கே போய்த் தேடுவது?

படம் வந்த பதினோராம் நாள் மதியம் மகளே கூப்பிட்டாள். வேலை நேரத்தில் அவள் கூப்பிடுகிறவள் அல்ல. அகராதி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, எனக்கு ஒண்ணும் இல்லை." மூச்சு வாங்கியது. "பின்னாடி துடைச்சிட்டிருந்தவரோட கை உள்ள போயிடுச்சு. முழங்கை வரைக்கும். நான்தாம்மா சுவிட்சைப் போட்டேன். போர்டுல எழுதிட்டுத்தாம்மா போட்டேன்."

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "சொல்லிட்டேன்னியே," என்றேன்.

"உருளைகிட்ட கையக் கொண்டுபோகாதேன்னு சொன்னேன்."

"குரல் குடுத்துட்டு ஓட்டுன்னு சொல்லலையா?"

"சொன்னா ஏன்னு கேப்பா. அந்த வரி என்னோடதுன்னு எந்த மூஞ்சிய வச்சுட்டு சொல்றது?"

அவள் காப்பாற்ற நினைத்தது மகளை மட்டும்தான். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. ஆறு வருடம் படிக்காமல் விட்டவள் நான், அவளைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை? போனிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"அம்மா, இங்க எல்லாரும் என்னையே பாக்கறாங்க. நான் செஞ்சது சரிதானே? சொல்லும்மா."

"நீ சரியாத்தான் செஞ்சே," என்றாள் அகராதி. "தாள்தான் தப்பு. எழுதினது நான்."

அந்தப் பக்கம் யாரோ அழுவது தூரத்தில் கேட்டது.

"தப்புன்னு உனக்கு எப்பத்திலிருந்தும்மா தெரியும்?"

"பதினோரு நாளா," என்றாள் அகராதி.