குவியலில் எடுத்த அரக்குச் சேலை

ஸ்ரீமதி என் கடைக்குப் புதுத் துணி கொண்டுவந்ததாகச் சரித்திரமே இல்லை. தீபாவளிக்கு இன்னும் பத்தே நாள் இருக்கும். ஊரே புதுத் துணியும் கையுமாக வாசலில் நிற்கும். நான் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் தைத்துக்கொண்டிருப்பேன். அப்போது பார்த்து வந்து, எவனோ போட்டுக் கழித்த ஆம்பளைச் சட்டையை மேஜையில் விரிப்பாள்.

"பாய், இந்தக் காலரை மட்டும் எடுத்துட்டா எம்புட்டு நல்லா இருக்கும், பாருங்க!"

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பார்ப்பேன். நன்றாகத்தான் இருக்கும். அதில் இன்னும் எரிச்சல் வரும்.

என் பெயர் சைஃபுல்லா. சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருபது வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஸ்ரீமதிக்கு ஊர் எம்.புதுப்பட்டி, வயது இருபத்தேழு. ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறாள். பட்டாசு வேலைக்குப் பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். பாலியஸ்டரும் நைலானும் உரசினால் பொறி கிளம்பும். வெடிமருந்து இருக்கிற அறையில் அந்தத் துளிப் பொறி போதும். ஜிப், இரும்புக் கொக்கி எதுவும் ஆகாது. கடையில் மலிவாகக் கிடைப்பதோ எல்லாம் பாலியஸ்டர். நல்ல பருத்தி என்றால் யானை விலை.

அதற்கு ஸ்ரீமதி கண்டுபிடித்த வழிதான் குவியல். விருதுநகரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தார்ப்பாய் விரித்துப் பழைய துணியை இடுப்பு உயரத்துக்குக் கொட்டுவார்கள். நூல் வாங்கப் போன ஒருநாள் அவளை அங்கே பார்த்தேன். குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்க்கக்கூட இல்லை, விரலாலேயே தேடினாள். ஒன்றை இழுத்தாள், உள்ளங்கையில் வைத்து இறுக்கிக் கசக்கினாள், விரித்தாள். சுருக்கம் அப்படியே நின்றது.

"பருத்தி பாய்! சுத்தப் பருத்தி! கோடு போட்ட சட்ட, கிழிசலே இல்ல!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். புதையல் எடுத்தவள்கூட அப்படிக் கத்தமாட்டாள். எனக்கும் ஏதோ தொற்றிக்கொண்டது. நூலை மறந்துவிட்டு நானும் குனிந்து துழாவ ஆரம்பித்தேன்.

வீட்டுக்குக் கொண்டுபோய் வெந்நீரில் ஊறப்போட்டு இரண்டு தடவை துவைத்த பிறகுதான் என்னிடம் வரும். கோடு போட்ட சட்டை காலரை இழந்து, கையைக் குறைத்து, பக்கவாட்டில் வெட்டு விட்டு, குர்தாவாகும். ஓரம் நைந்த சுங்குடிச் சேலை துப்பட்டாவாகும். மிச்சக் கரை அந்தக் குர்தாவின் கைக்குப் போகும். கட்டம் போட்ட கைலி தொளதொளப் பேன்டாகும். அதைத் தைத்த அன்று நான் கட்டியிருந்த கைலியையும் ஒருமாதிரி உற்றுப் பார்த்தாள். அதிலிருந்து அவள் வந்தால் நான் மிஷினைவிட்டு எழுந்திருப்பதில்லை.

கம்பெனியில் அவளுக்குச் 'சினிமாக்காரி' என்று பெயர். எந்தக் கடை என்று கேட்டால், "மதுரையில எடுத்தேன்" என்பாள். குவியல் விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். அடுத்தவர் உடுத்திய துணி என்று தெரிந்தால் மூஞ்சியைச் சுளிப்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடக்கூட மாட்டார்கள் என்று பயந்தாள். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நம் ஊர் அப்படி.

போன சீசனில் ராஜபாண்டியன் என்று புது போர்மேன் வந்தார். வெள்ளிக்கிழமை கேட்டிலேயே நின்று ஒவ்வொருவர் சேலையையும் தொட்டுப் பார்த்தார். ஏழு பேரைத் திருப்பி அனுப்பினார். திங்கட்கிழமையும் பருத்தி இல்லாமல் வந்தால் இந்த சீசன் முழுக்க வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார். அந்த ஏழு பேரில் ஒருத்தி ஆவுடைத்தாய். ஸ்ரீமதியோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்பவள், புருஷன் இல்லாதவள், மகளை நர்சிங் படிக்க வைப்பவள். அவளிடம் இருந்த சேலை எல்லாம் விசேஷ வீடுகளில் வைத்துக் கொடுத்த பாலியஸ்டர். வேலை போனால் மகள் படிப்பும் போச்சு.

"நான் பாத்துக்கிறேன் மதினி" என்று ஸ்ரீமதி மற்ற ஆறு பேருக்கும் சேர்த்தே வாக்குக் கொடுத்துவிட்டாள். மறுநாள் சனிக்கிழமை குவியல் கிடையாது. வீட்டில் சேர்த்து வைத்திருந்த மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். ஏழு பேருக்கு இரண்டு நாளில்! நான் தலையில் அடித்துக்கொண்டேன், பிறகு கத்தரிக்கோலை எடுத்தேன். சந்தேகமான துணியில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பேன். சாம்பலானால் சரி, உருகி உருண்டையானால் தூர எறிவேன். அவள் சொல்லச் சொல்ல வெட்டினேன். இந்தச் சட்டைக்கு அந்தக் கரை, அந்தச் சேலைக்கு இந்த ஜாக்கெட். என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக மிஷின் மிதித்ததில்லை.

ஞாயிறு மதியம் ஆறு பேர் வந்து வாங்கிப் போனார்கள். மதுரைச் சரக்கு என்றுதான் நினைத்தார்கள். கடைசியாக ஆவுடைத்தாய் வந்தாள். அவளுக்கு அரக்குக் கலரில் ஒரு சுங்குடிச் சேலை, பச்சைக் கட்டச் சட்டையில் வெட்டிய ஜாக்கெட், கொக்கிக்குப் பதில் நாடா. சேலையைத் தோளில் போட்டு என் கண்ணாடியில் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. முந்தானையைத் திருப்பினாள். ஓரத்தில் மையில் போட்ட சலவைக் குறி.

"ஏட்டி, இது என்ன குறி? எவளோ உடுத்துனதா?"

நான் ஸ்ரீமதிக்குக் கண்ணைக் காட்டினேன், கடைக்காரன் குறி என்று சொல்லிவிடட்டும் என்று. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"ஆமா மதினி. விருதுநகர்ல குமிச்சுப் போட்டு விக்கிறாக. நான் போட்டிருக்கது எல்லாமே அங்கன எடுத்ததுதான்."

"அப்போ நீ குடுத்து எம் மக காலேசுக்குப் போட்டுட்டுத் திரியுற நீலச் சட்ட?"

"அதுவுந்தான்."

"செத்தவ சேலையாக்கூட இருக்கும்லட்டி! மூணு வருசமா என்னைய ஏமாத்திட்டு இருந்தியா?"

"ஏமாத்துனதுதான் மதினி, வையுங்க. இன்னைக்கும் பொய் சொல்லிருப்பேன். ஆனா ஒரு சேலைய வச்சு ஆறு நாளு வேல பாக்க முடியுமா? இனிமே நீங்களே போய் எடுக்கணும்ல? மருந்து ரூம்ல நாம நாலு பேரு ஒண்ணா உக்காந்திருக்கோம். ஒருத்தி சேல உரசுனா நாலு பேருக்குந்தான்."

ஆவுடைத்தாய் சேலையை என் மேஜையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். ஸ்ரீமதி அழவில்லை. சேலையை மடித்து ஒரு பையில் வைத்தாள். "அவுக வீட்டுக் கதவுல மாட்டிட்டுப் போறேன் பாய். நாளைக்கு ஊரு பூராத் தெரிஞ்சிரும்" என்றாள்.

மறுநாள் காலையில் எனக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. ஷட்டரை இழுத்துவிட்டு டிவிஎஸ்-ஐ எடுத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்கே போய்விட்டேன். வேன் வந்தது. ஸ்ரீமதி இறங்கினாள், பின்னால் ஆறு பேரும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒருத்திக்குக் கோடு போட்ட குர்தா, ஒருத்திக்குக் கட்டப் பேன்ட், ஒருத்தி சேலையின் மேல் கைமடித்த வெள்ளைச் சட்டை. மற்ற வேன்களில் வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. ஆனால் ஆவுடைத்தாயைக் காணோம். ஸ்ரீமதி வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே யாரும் இல்லை.

கேட்டைச் சாத்தப் போகும் நேரம். ரோட்டில் ஒருத்தி வேக வேகமாக நடந்து வந்தாள். அரக்குச் சேலை, பச்சைக் கட்ட ஜாக்கெட், தலையில் ஒரு முழம் கனகாம்பரம். வேனைத் தவறவிட்டு நடந்தே வந்திருக்கிறாள்.

ராஜபாண்டியன் முந்தானையைக் கசக்கிப் பார்த்தார், தலையாட்டினார்.

"பிரமாதமா இருக்கே! எந்தக் கடையில எடுத்தீக?"

ஸ்ரீமதி தலையைக் குனிந்துகொண்டாள். அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"விருதுநகர்ல, பழைய துணிக் குமியல்ல" என்றாள் ஆவுடைத்தாய், உரக்க. "நேத்து வரைக்கும் எவ உடுத்துனாளோ தெரியாது. இன்னைக்கு நான் உடுத்திருக்கேன். எடுத்துக் குடுத்தது இந்தா நிக்கிறா, ஸ்ரீமதி."

பக்கத்து வேனில் வந்த ஒரு பெண் ஸ்ரீமதியின் குர்தாக் கையைத் தொட்டுப் பார்த்து, "ஏக்கா, வர்ற ஞாயித்துக்கெழம என்னையும் கூட்டிட்டுப் போறீகளா?" என்று கேட்டாள்.