கதவு பூட்டியிருந்தால்

பள்ளிக்கூடத்தில் அவருக்கு வகுப்பு எதுவும் கிடையாது. கரும்பலகைப் பக்கம் போயே பல வருஷம் ஆகிறது. ஆனாலும் சுற்றியிருக்கும் பண்ணைகளிலும் குடியிருப்புகளிலும் அவரைத் தெரியாத வீடு இல்லை. ஒரு பிள்ளை சேர்ந்தாற்போலச் சில நாள் வரவில்லை என்றால் அந்த வீட்டு வாசலில் அவருடைய ஸ்கூட்டர் வந்து நிற்கும். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'தேடுற டீச்சர்'. ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கடியில் புகுந்தவர்கள், மரத்தில் ஏறியவர்கள், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திடீர்க் காய்ச்சல்காரர் ஆனவர்கள் எல்லாம் உண்டு.

அது சபையார் சேர்ந்து நடத்திய பள்ளிக்கூடம். தேவாலயத்தை ஒட்டி நீளமாக ஒரு ஓட்டுக் கட்டடம், முன்னால் மைதானம், பின்னால் ஆசிரியர் வீடுகள். விதைப்பு, அறுவடை என்று வந்தால் வகுப்பு பாதி காலியாகிவிடும். தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள, மாட்டைப் பார்த்துக்கொள்ள, ஒன்றுமில்லாவிட்டால் வீட்டைப் பார்த்துக்கொள்ள என்று ஆளுக்கொரு காரணம். அதனால்தான் தேடிப் போவதற்கென்றே ஓர் ஆளை வைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர், காணாமல்போன ஓர் ஆட்டுக்காக மற்ற ஆடுகளை விட்டுவிட்டுப் போன மேய்ப்பனைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். முன்வரிசைப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பி டீச்சரைப் பார்த்துச் சிரித்தார்கள். போதகருக்கே சிரிப்பு வந்து, வசனத்தை விட்ட இடம் மறந்துபோனது.

போகிற வீடுகளில் இருக்கிற ஒரே நாற்காலியை அவருக்குத்தான் போடுவார்கள். பிள்ளையைப் பற்றிப் பேசத் தொடங்கிய பேச்சு மாமியார், மச்சினர், முதுகுவலி என்று எங்கெங்கோ போகும். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். கிளம்பும்போது, "நீங்க நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்பார்கள். அவர் வண்டியைக் கிளப்பும் சத்தத்தில் அந்தக் கேள்வி அப்படியே அமுங்கிவிடும்.

அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவருடைய கணவர் அதே பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்தவர்; நடக்கும்போது ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். கோடை விடுமுறையில் ஒரு பயிற்சிக்கு என்று பெட்டியோடு போனார். விடுமுறை முடிந்தது, மழை தொடங்கியது, அவர் வரவில்லை. வேறொரு நகரத்தில் வேறொரு பெண்ணோடு அவரைப் பார்த்ததாக யாரோ யாரிடமோ சொல்லி, அது சுற்றிச் சுற்றி டீச்சர் காதுக்கும் வந்து சேர்ந்தது. ஊர்ப்பிள்ளைகளை எல்லாம் தேடிப் போனவர் அவரைத் தேடிப் போகவில்லை. இருவருமாக இருந்த அந்த இரண்டு அறை ஆசிரியர் வீட்டை மட்டும் விடவில்லை. ஓர் ஆளுக்கு இது பெரிசு, ஒற்றை அறைக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியை அவ்வப்போது சொல்வார். "பார்க்கலாம்மா" என்று ஒவ்வொரு முறையும் இவர் நழுவிவிடுவார்.

கோழிப்பண்ணைக் குடியிருப்பில் ஒரு சிறுமி இருந்தாள். உருவத்தைப் பார்த்து எல்லாரும் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் மட்டும் உருவத்துக்குச் சம்பந்தமில்லாத நீளம். அவள் பள்ளிக்கு வராமல் போன செய்தியோடு சேர்ந்தே, அவளுடைய அம்மா வீட்டைவிட்டுப் போய்விட்ட செய்தியும் வந்தது.

டீச்சர் போனபோது அவளுடைய அப்பா கொட்டகை வாசலில் தீவன மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். முடியிலும் புருவத்திலும் தவிட்டுத் தூசி.

"பொண்ணை அனுப்பி வைங்க. வீட்ல தனியா இருக்கிறதுக்கு அங்க நாலு பேரோட இருக்கலாம்."

"அனுப்புறப்ப அனுப்புறேன்."

"எப்ப?"

அவர் மூட்டையைத் தொப்பென்று போட்டார். "உங்க வீட்டுக்காரரைத் தேடிக் கண்டுபிடிச்சிட்டு வாங்க டீச்சர். அப்புறம் என் வீட்டு விஷயம் பேசலாம்."

கூட வேலை பார்த்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். டீச்சர் ஸ்கூட்டரைத் திருப்பினார், கிளப்பவில்லை. குடியிருப்பு தாண்டும்வரை தள்ளிக்கொண்டே நடந்தார்.

அதற்குப் பிறகும் ஒரு நாள் போனார். அப்பா வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனார். பொடிசு வீட்டுப் படியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடவுமில்லை, ஒளியவுமில்லை.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்பா போக வேண்டாம்னாரா?"

"அவர் போகத்தான் சொன்னாரு. நான்தான் போகல."

"ஏன்டா?"

சிறுமி திரும்பிக் கதவைப் பார்த்தாள். "நான் ஸ்கூலுக்கு வந்துட்டா வீட்டைப் பூட்டணும். அம்மா வந்து பார்த்து, பூட்டியிருக்குன்னு திரும்பிப் போயிட்டா?"

எத்தனையோ வீடுகளில் எத்தனையோ சாக்குகளுக்குச் சட்டென்று பதில் வைத்திருந்தவர் டீச்சர். இதைக் கேட்டதும் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கோழிகளின் இரைச்சல் காற்று திரும்பும் பக்கமெல்லாம் வந்துகொண்டிருந்தது. கடைசியில், "நாளைக்கு நீ ஸ்கூலுக்குப் போ. நான் இங்க உட்கார்ந்திருக்கேன்," என்றார்.

"நிஜமாவா? சாயங்காலம் வரைக்குமா?"

"நீ வர்ற வரைக்கும்."

"அம்மா வந்தா போக விடாம பிடிச்சு வைக்கணும்."

"பிடிச்சு வைக்கிறேன்."

மறுநாள் காலை தலைமையாசிரியையிடம் போய் விடுப்பு கேட்டார். இத்தனை வருஷத்தில் விடுப்பே கேட்காதவர். தலைமையாசிரியை பயந்துபோய், "ஆஸ்பத்திரிக்கா?" என்றார். "இல்லம்மா, ஒரு வீட்ல ஆள் இல்ல, உட்கார்ந்திருக்கணும்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பொடிசு சாவியை ஒப்படைப்பதுபோல வீட்டையே ஒப்படைத்துவிட்டுப் போனாள். தண்ணீர்ப் பானை எங்கே, எந்த ஜன்னல் தலையில் இடிக்கும், அம்மா எந்தப் பக்கமிருந்து வருவாள் எல்லாம் சொன்னாள். அவள் போனதும் வீடு சுருங்கிப்போனது. சுவரில் ஒரு கண்ணாடி. அதன் விளிம்பில் செருகிய சீப்பில் நீளமான முடிகள் இரண்டு மூன்று அப்படியே இருந்தன. யாருக்கும் அதை எடுத்துப் போட மனம் வரவில்லை போலும். டீச்சரும் தொடவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "என்ன டீச்சர், ஆளைத் தேடி வந்து ஆளில்லாத வீட்டைக் காவல் காக்குறீங்க?"

"இன்னிக்கு டியூட்டி இங்கதான்."

"அவ வரமாட்டா டீச்சர். போறப்ப நான் பார்த்தேன். திரும்பி வர்றவ போற மாதிரி போகல."

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார்.

மதியத்துக்கு மேல் தெருவில் நடமாட்டம் குறைந்தது. ஏதாவது காலடிச் சத்தம் கேட்டால் அவருடைய முதுகு தானாக நிமிர்ந்தது. அப்படி நிமிர்ந்த ஒரு தடவை, தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது ஒரு பெண்ணின் நடையை இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கும் ஓர் ஆணின் நடை அது. இந்த வீட்டுக்கு அந்தக் கால் வர எந்தக் காரணமும் கிடையாது. என்றாலும் கேட்டுக்கொண்டிருந்தார். தன் வீட்டில் சமைக்கும்போதும், துணி மடிக்கும்போதும், வாயில் ஜெபம் ஓடிக்கொண்டிருக்கும்போதும்கூட இதையேதான் இத்தனை வருஷமும் செய்துகொண்டிருந்திருக்கிறார். யாருக்கும் தெரியாது. அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டிருக்கும். அவள் வரவில்லை.

பள்ளி விட்டதும் பொடிசு மூச்சிரைக்க ஓடிவந்தாள். "வந்தாங்களா?"

"வரலடா."

முகம் தொங்கிப்போனது. பையைக் கழற்றாமலே படியில் உட்கார்ந்தாள். "நாளைக்கும் இருப்பீங்களா?"

இருக்கிறேன் என்று சொல்லிவிடுவது சுலபம். டீச்சர் சொல்லவில்லை. "இருக்க மாட்டேன். நானும் உன்னை மாதிரி ரொம்ப நாள் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"யாரை?"

"எங்க வீட்டுக்காரரை."

"வந்தாரா?"

"வரல."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"ஸ்கூலுக்குப் போனேன்."

பொடிசு இதை யோசித்தாள். "உங்க வீட்டுக்காரருக்கு ஸ்கூல் எங்க இருக்குன்னு தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"எங்கம்மாவுக்கும் தெரியும். ஆனா நான் அங்க இருக்கேன்னு தெரியணுமே. எழுதி வெச்சா படிக்க வராது." சொல்லிக்கொண்டே பையில் துழாவி ஒரு துண்டுச் சாக்பீஸை எடுத்தாள். வகுப்பிலிருந்து சுட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. டீச்சர் கேட்கவில்லை. சிறுமி கதவில் ஒரு நீளக் கூரை வரைந்தாள், அதன் ஓரத்தில் மணிக்கூண்டு, அதன் உச்சியில் சிலுவை. கூரைக்குக் கீழே இரட்டைச் சடையோடு ஒரு சிறுமி, அவளேதான். சடை மட்டும் ஆளைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

அப்பா வேலை முடிந்து வந்தார். டீச்சரைக் கண்டதும் நடை தடுமாறியது. கதவைப் பார்த்தார். மகள் விளக்கம் சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு சட்டென்று திரும்பி வந்த வழியே கொட்டகைக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் டீச்சர் நினைத்தார். திரும்பி வந்தபோது அவர் கையில், கொட்டகைகளுக்கு எண் எழுதுகிற வெள்ளைப் பெயிண்டும் பிரஷ்ஷும் இருந்தன.

"சாக்பீஸ் மழைக்கு நிக்காது," என்றார். குனிந்து ஒவ்வொரு கோட்டின் மேலும் பிரஷ்ஷை இழுத்தார். முதுகைக் காட்டியபடியே, "அன்னிக்கு நான் பேசினது தப்பு டீச்சர்," என்றார்.

"சரி விடுங்க."

"அவ எங்க போனான்னு எனக்குத் தெரியும். போய்க் கூப்பிடப் பயமா இருக்கு."

டீச்சர் பெயிண்ட் டப்பாவை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தார். சடையை அவர் சின்னதாக்கப் பார்க்க, மகள் சண்டைக்கு வந்தாள்.

மறுநாளிலிருந்து பொடிசு பள்ளிக்கு வந்தாள். பூட்டிய வீட்டுக்கு அந்த வருஷம் யாரும் வரவில்லை.

அடுத்த கல்வியாண்டுக்குப் புதிதாக மணமான ஓர் ஆசிரியத் தம்பதி வந்தார்கள். தலைமையாசிரியை வழக்கம்போல இழுத்தபடி ஆரம்பிக்குமுன் டீச்சரே, "என் வீட்டை அவங்களுக்குக் கொடுங்கம்மா," என்று சொன்னார். தலைமையாசிரியை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஆனால் காரணம் கேட்கவில்லை.

கணவரின் சட்டைகளையும் செருப்பையும் சபையின் உதவிப் பெட்டியில் போட்டார். தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைக்கு ஒரு கட்டில், ஓர் அடுப்பு, இரண்டு பெட்டி. எல்லாம் ஒரே நடையில் போய்ச் சேர்ந்துவிட்டது. புதுப்பெண் சாப்பிடக் கூப்பிட்டாள். ஒரு முறை போனார். தான் வெளிச்சம் பார்த்து மேசை போட்டிருந்த இடத்தில் அவர்கள் பீரோவை வைத்திருந்தார்கள். அதன் பிறகு கூப்பிட்டபோதெல்லாம் வேலை இருக்கிறது என்றார்.

ஒரு வாரம் சபைக் கூட்டத்தில், யாருக்கு என்ன ஜெபம் வேண்டும் என்று போதகர் கேட்டார். ஒருவர் மகனின் வேலைக்காக என்றார், ஒருவர் கிணற்றுக்காக. டீச்சர் எழுந்து நின்றார்.

"எந்தப் பிள்ளைக்காக டீச்சர்?" என்றார் போதகர்.

"பிள்ளைக்கு இல்லை ஐயா. எனக்கு."

போதகர் தணிந்த குரலில், "என்ன விஷயமா?" என்று கேட்டார்.

"விஷயம் ஒண்ணும் இல்லை. தனியா இருக்கேன். அதுதான்."

எல்லாரும் தலைகுனிந்தார்கள். ஜெபம் நீளமாக இல்லை. முடிந்ததும் ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்தார்கள், என்ன சொல்வதென்று தெரியாமல் வெயிலைப் பற்றிப் பேசினார்கள், பிறகு தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடுகளுக்குப் போனார்கள். டீச்சர் விளக்குகளை அணைக்க உதவிவிட்டு, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் தன் அறைக்கு நடந்தார்.